சாம்பிள் லிஃப்டுக்குள் ஒரு கும்பிடு

எனக்குக் கோர்வையாக எழுத வராது. ஐந்தாவதோடு நின்றவள். கன்டோன்மென்ட் பக்கம் அப்போது இருந்த தமிழ்ப் பள்ளிக்கூடத்தில் கற்ற எழுத்துதான் கையில் இருக்கிறது. எழுத உட்கார்ந்தால் பின்னால் நடந்தது முன்னால் வந்து நிற்கிறது. மறதியும் உண்டு. அன்றைக்கு உடுத்தியிருந்த புடவையின் பார்டர் நினைவிருக்கிறது, என்ன கிழமை என்று கேட்டால் தெரியாது. தப்பும் தவறுமாக இருந்தால் மன்னித்துக்கொள்ளுங்கள். வாயால் சொல்லச் சொல்லியிருந்தால் இதில் கால்வாசிகூட வெளியே வந்திருக்காது. நான்கு பேர் பார்த்தாலே எனக்குப் பேச வராது.

நான் பெங்களூரில், தொம்மலூர் பக்கம் ஒரு லிஃப்ட் கம்பெனியில் டீ போட்டுக் கொடுக்கிறேன். கட்டடங்களுக்கு லிஃப்ட் மாட்டிக் கொடுக்கிற கம்பெனி. முதலில் காண்ட்ராக்ட்காரர் மூலம்தான் சேர்ந்தேன். என் வீட்டுக்காரருக்கு கிட்னி கெட்டுப்போனபோது, ஆபீசில் எச்.ஆர். பார்க்கிற மேடம் முதலாளியிடம் பேசி என்னைக் கம்பெனி ரோலில் சேர்த்துவிட்டார். ரோலில் இருந்தால் ஆஸ்பத்திரி கார்டு கிடைக்கும். அந்தக் கார்டில்தான் என் வீட்டுக்காரருக்கு டயாலிசிஸ் நடக்கிறது. வெளியில் காசு கட்டிச் செய்வதென்றால் நாங்கள் இரண்டு பேரும் சேர்ந்து செத்துப்போவது மலிவு என்று அவரே சொல்வார். அவர் பெயின்ட்டராக இருந்தவர், பேச்சும் கொஞ்சம் பளபளப்பாகத்தான் இருக்கும்.

நான் வேலையில் இருக்கும் வரைக்கும்தான் கார்டு. இதை மட்டும் மனதில் வைத்துக்கொண்டு மேலே படியுங்கள்.

எங்கள் வீடு பழைய தொம்மலூருக்குள்ளே ஒரு சந்தில். பெரிய பெரிய கண்ணாடி ஆபீஸ்களின் முதுகுதான் எங்களுக்குத் தெரியும். சந்தில் எல்லாரும் தமிழ்க்காரர்கள், கன்னடமும் தண்ணீர்பட்ட பாடாய்ப் பேசுவோம். படிக்கத்தான் தெரியாது, என் வயதுக்காரர்களுக்கு. ஆஸ்பத்திரி எங்களுக்குக் கிட்டே. எதிர்வீட்டுக்காரர் ஆட்டோ ஓட்டுகிறவர். டயாலிசிஸ் நாளில் அவர்தான் என் வீட்டுக்காரரை ஏற்றிப் போய் இறக்கிவிட்டு, முடிந்ததும் போய் அழைத்து வருவார். கொடுத்ததை வாங்கிக்கொள்வார், கொடுக்காவிட்டால் கேட்க மாட்டார்.

எலக்ஷன் வந்தது. எங்கள் பக்கம் நின்றவர்களில் ஒருத்தர், ஜெயித்தால் எங்கள் சந்து வீடுகளை இடித்துவிட்டு அங்கே அடுக்குமாடி கட்டுவேன் என்று சொன்னார். எங்களுக்கும் அதில் வீடு உண்டாம். கட்டி முடிக்கும்வரை ஊருக்கு வெளியே, எலெக்ட்ரானிக் சிட்டியையும் தாண்டி எங்கேயோ தகர ஷெட் போட்டுக் கொடுப்பார்களாம். அப்படிப் போனவர்கள் திரும்பி வந்து வீடு வாங்கியதை எங்கள் சந்தில் யாரும் கண்ணால் பார்த்ததில்லை. அந்த ஷெட்டிலிருந்து ஆஸ்பத்திரிக்கு வருவதை நான் மனதுக்குள் ஓட்டிப் பார்த்தேன். ஒரு பஸ், இன்னொரு பஸ், நடுவில் வாந்தி எடுக்கிற மனுஷன். முடியவே முடியாது.

சந்தே அவருக்கு எதிராக நின்றது. முன்னால் நின்றது எதிர்வீட்டுக்காரி, ஆட்டோக்காரர் பெண்சாதி. பயமே தெரியாத பெண். அவள் பேசுகிற கூட்டத்தில் நான் கடைசியில் போய் உட்கார்ந்து தலையாட்டிவிட்டு வருவேன்.

எங்கள் முதலாளிக்கோ அவர் வேண்டியவர். அடுக்குமாடி வந்தால் லிஃப்ட் வரும், அதில் தப்பாக நினைக்க ஒன்றுமில்லை. ஒருநாள் எல்லாரையும் ஹாலில் கூப்பிட்டுப் பேசினார். நான் டீ கொடுத்துக்கொண்டிருந்தேன். நாம் எல்லாரும் ஒரே குடும்பம், ஆளுக்கு ஒரு நாள் சம்பளத்தை அவருடைய எலக்ஷன் செலவுக்குத் தரலாம், கட்டாயமே இல்லை என்றார். கடைசியாகச் சிரித்துக்கொண்டே, "வேணாம்னு நினைக்கிறவங்க எனக்கு நேரா ஒரு மெயில் போட்டுடுங்க. நான் தப்பா எடுத்துக்க மாட்டேன்" என்றார்.

ஹாலில் ஒருத்தரும் ஒருத்தர் முகத்தை ஒருத்தர் பார்க்கவில்லை. எல்லாரும் டீயைப் பார்த்தார்கள். அன்றைக்கு டீ நன்றாக இருந்தது என்று இரண்டு மூன்று பேர் சொன்னது அதனால்தான் என்று நினைக்கிறேன்.

டம்ளர்களை எடுக்கும்போது, கணக்குப் பிரிவில் இருந்த, காக்ஸ் டவுன் ஏரியாவிலிருந்து வருகிற தம்பியிடம் மெதுவாகக் கேட்டேன். அவர் நம் ஆள், சர்ச்சில் கிடார் வாசிக்கிறவர், என்னை ஆன்ட்டி என்று கூப்பிடுவார்.

"எனக்கு மெயில் கிடையாதேப்பா. வாயால சொல்லலாமா?"

"யார்கிட்ட சொல்வீங்க ஆன்ட்டி? சார் ரூமுக்குள்ள போயி 'தரமாட்டேன்'னு சொல்வீங்களா?"

"ஐயோ, நான் எங்க..."

"அப்போ உங்களுக்குச் சம்மதம்னு அர்த்தம். டிரைவருங்க, ஃபிட்டருங்க, வாட்ச்மேன், ஒருத்தருக்கும் மெயில் கிடையாது. எல்லாரும் சம்மதம்."

"உனக்கு மெயில் இருக்குதில்ல?"

"இருக்குது. இன்க்ரிமென்ட்டும் வருது" என்று கண்ணடித்துவிட்டுப் போய்விட்டார்.

அந்த மாதச் சம்பளம் ஒரு நாள் குறைவாக வந்தது. என் வீட்டுக்காரரிடம் சொன்னேன். கட்டிலில் படுத்திருந்தவர் எழுந்து உட்கார்ந்தார்.

"இன்னாமே இது? நம்ம ஊட்ட இடிக்கிறதுக்கு நம்மளே கூலி குடுத்துட்டமா?"

"மெதுவாப் பேசுங்க. எதிர்வூட்டுல கேக்கப்போவுது."

"கேட்டா இன்னா? வாங்கன கூலிக்கு நல்லா இடிக்கச் சொல்லு" என்று சிரித்தார். சிரித்தவருக்கு இருமல் வந்துவிட்டது. நான் முதுகைத் தடவிக்கொண்டே வாசல் கதவைச் சாத்தினேன். அன்றிலிருந்து எங்கள் வீட்டுக் கதவு பகலிலும் சாத்தியே கிடந்தது.

அதோடு போயிருந்தால் இதை எழுதவே மாட்டேன். குறைந்த சம்பளம் யாருக்கும் தெரியாது, கண்ணை மூடிக்கொண்டிருக்கலாம். ஒருநாள் எச்.ஆர். மேடம் நான் பால் காய்ச்சிக்கொண்டிருந்த இடத்துக்கே வந்தார். கன்னடக்காரர். என்னோடு பேசும்போது தமிழையும் கன்னடத்தையும் கலந்து பேசுவார்.

"அம்மா, ஒரு சின்ன வீடியோ எடுக்கணும். ஒந்து நிமிஷ அஷ்டே, ஒரே நிமிஷம்தான். கம்பெனி ஆளுங்க சந்தோஷமா டொனேஷன் குடுத்தாங்கன்னு அவங்க கட்சிக்கு அனுப்பணும். இங்க எல்லாரையும்விட பெரியவங்க நீங்கதானே."

"நான் வேணாம் மேடம். எனக்கு வராது. வேற நல்லா பேசறவங்க..."

"நல்லா பேசறவங்க பேடா, வேணாம் அம்மா. அவங்க பேசினா யாரும் நம்ப மாட்டாங்க."

மேடம் கெட்டவர் இல்லை. கெட்டவராக இருந்திருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும். எனக்குக் கார்டு வாங்கிக் கொடுத்தது அவர். என் வீட்டுக்காரருக்கு டயாலிசிஸ் ஊசி போடும்போதெல்லாம் அவரை நினைத்துக்கொள்கிறவள் நான். அவர் முகத்தைப் பார்த்து முடியாது என்று சொல்ல எனக்கு எந்த வாய் இருக்கிறது? பால் பொங்கிவிட்டது. அடுப்பை அணைப்பதற்குள் அவர் நான் சரி என்று சொன்னதாக எடுத்துக்கொண்டு போய்விட்டார்.

எங்கள் ஆபீசில் கீழ்த்தளத்தில் ஒரு சாம்பிள் லிஃப்ட் இருக்கிறது. வாங்க வருகிறவர்களுக்குக் காட்டுவதற்காக வைத்தது. உள்ளே நிலைக்கண்ணாடி, மஞ்சள் விளக்கு, பளபளவென்று பட்டன்கள், எல்லாம் உண்டு. பட்டனை அழுத்தினால் எரியும், கதவு மூடும், திறக்கும். ஆனால் எங்கும் போகாது. மேலே கயிறும் இல்லை, கீழே குழியும் இல்லை. வெளிச்சம் நன்றாக இருக்கிறது என்று அதற்குள்தான் என்னை நிறுத்தினார்கள். எதிரே மேடம், போனைப் பிடித்துக்கொண்டு காக்ஸ் டவுன் தம்பி, வேடிக்கை பார்க்க இரண்டு ஃபிட்டர்கள். என் முதுகுக்குப் பின்னால் கண்ணாடியில் இன்னொரு நான்.

மேடம் சொல்லிக் கொடுத்தது கன்னடத்தில் ஒரே ஒரு வரி. "நானு ஸ்வஇச்செயிந்த தேணிகெ கொட்டித்தீனி." தேணிகெ என்றால் நன்கொடை. என் சொந்த விருப்பத்தில் நன்கொடை கொடுத்திருக்கிறேன் என்று அர்த்தம்.

கன்னடத்தில் அது சுத்தமான வார்த்தை. இச்செ என்றால் விருப்பம், அவ்வளவுதான். ஆனால் நமக்கு? நம் பேப்பரில் இச்சை என்ற சொல் எந்த மாதிரிச் செய்தியில் வரும் என்று படிக்கிறவர்களுக்குத் தெரியும். கெட்ட செய்தியில் மட்டும்தான் வரும். இந்த வயதில், நான்கு ஆண்பிள்ளைகளும் வந்து போகிற இடத்தில் நின்று, நான் என் இச்சையால் கொடுத்தேன் என்று சொல்வதா? எனக்குக் காது இரண்டும் சூடாகிவிட்டது.

"நானு..." என்று ஆரம்பித்தேன். நின்றுவிட்டேன்.

"ஹேளி அம்மா, சொல்லுங்க. ஸ்வஇச்செயிந்த."

"நானு... ஸ்வ..." புடவைத் தலைப்பை வாயில் வைத்துக்கொண்டேன்.

ஃபிட்டர்களில் ஒருவர் தமிழ்க்காரர். அவருக்குப் புரிந்துவிட்டது. "மேடம், அந்த வேர்டு எங்க பாஷையில கொஞ்சம் ஒரு மாதிரி. அம்மா வெக்கப்படுறாங்க" என்றார். காக்ஸ் டவுன் தம்பி போனைப் பிடித்த கையோடு குலுங்கிக் குலுங்கிச் சிரித்தார். மேடமும் சேர்ந்து சிரித்தார். எனக்கும் சிரிப்பு வந்தது. உள்ளுக்குள்ளே, அப்பாடா, இந்த வெட்கத்தைச் சாக்கு வைத்துத் தப்பித்துவிடலாம் என்று ஒரு ஆசை.

"சரி அம்மா, உங்களுக்கு எப்படி வருமோ அப்படியே சொல்லுங்க" என்றார் மேடம்.

எப்படி வருமோ அப்படி என்றதும் எனக்கு வந்ததைச் சொன்னேன். "சாரு கேளிதரு, கொட்டெ." சார் கேட்டார், கொடுத்தேன். மரியாதையாகத்தான் சொன்னேன். பெரியவர் கேட்டால் கொடுப்பது நல்லதுதானே, அது நன்றாக இருக்கும் என்றுதான் நினைத்தேன்.

யாரும் சிரிக்கவில்லை.

காக்ஸ் டவுன் தம்பி போனைத் தாழ்த்தினார். "ஆன்ட்டி, உண்மையை எல்லாம் சொல்லிடாதீங்க" என்றார். ஃபிட்டர்கள் இரண்டு பேரும் வேலை இருப்பதுபோல் நகர்ந்து போனார்கள். அப்போதுதான் நான் சொன்னது எனக்கே கேட்டது.

மேடம் என் பக்கத்தில் வந்து, என் தலைப்பைச் சரிசெய்தார். கோபப்படவில்லை. "கேளிதரு பேடா அம்மா. சார் கேட்டாருன்னு சொன்னா கட்டாயப்படுத்தின மாதிரி ஆயிடும். இச்செ வேணாம்னா விட்டுடுங்க. மனசாரென்னு சொல்லுங்க. அது உங்க தமிழ்லயும் இருக்குதில்ல? நல்ல வார்த்தைதானே?"

நல்ல வார்த்தைதான். கன்னடத்திலும் மனசாரெ, தமிழிலும் மனசார. கோயிலிலும் சொல்லலாம், சபையிலும் சொல்லலாம். அதைச் சொல்ல ஒரு கூச்சமும் கிடையாது. அங்கேதான் நான் மாட்டிக்கொண்டேன். முதல் சொல்லுக்கு வெட்கம் என்று ஒதுங்க முடிந்தது. இந்தச் சொல்லுக்கு எதைச் சொல்லி ஒதுங்குவேன்? என் மனசுக்குள் தகர ஷெட் இருந்தது, பஸ்ஸில் வாந்தி எடுக்கிற மனுஷன் இருந்தார், எதிர்வீட்டுக்காரி இருந்தாள். மனசார என்று சொன்னால் அவர்கள் எல்லாரும் பொய் என்று ஆகிவிடும். சொல்லாவிட்டால் கார்டு. யாரும் அப்படி மிரட்டவில்லை, அதையும் சொல்லிவிடுகிறேன். யாரும் ஒரு வார்த்தை மிரட்டவில்லை. மிரட்டாமலேயே எனக்குத் தெரிந்தது.

கதவு கொஞ்ச நேரம் ஆனால் தானாக மூடிக்கொள்ளும் லிஃப்ட் அது. நான் விழித்துக்கொண்டு நிற்கும்போது மூடிக்கொண்டது. உள்ளே நான் மட்டும். கண்ணாடியில் இன்னொருத்தி, தலைப்பு சரியாக இருந்தது. வெளியே மேடம் பட்டனை அழுத்த, கதவு மறுபடி திறந்தது. மேடம், தம்பி, தூக்கிப் பிடித்த போன், எல்லாம் அப்படியே இருந்தன.

இரண்டு கையையும் சேர்த்துக் கும்பிட்டேன். என்னை விட்டுவிடுங்கள் என்றுதான் கும்பிட்டேன். அழுகை வந்துவிடக்கூடாது என்று உதட்டை இழுத்துச் சிரித்தேன்.

"ஆ! சூப்பர் அம்மா! இது போதும், இது போதும்" என்றார் மேடம். "பேச்சே வேணாம். மியூசிக் போட்டுக்கலாம்."

அவ்வளவுதான், முடிந்துவிட்டது. நான் போய்ச் சாயங்கால டீக்குத் தண்ணீர் வைத்தேன். ஒரு சொல்லும் சொல்லாமல் வெளியே வந்துவிட்டேன் என்று எனக்குக் கொஞ்சம் பெருமைகூட இருந்தது.

என்னிடம் இருப்பது பட்டன் போன். அதனால் வீடியோ வந்தது எனக்குத் தெரியாது. ஒரு காலை குழாயடியில் குடத்தோடு போனேன். பெண்கள் பேச்சை நிறுத்தினார்கள். எதிர்வீட்டுக்காரி தன் போனை என் முகத்துக்கு நேரே பிடித்தாள்.

உள்ளே நான். மஞ்சள் விளக்கு வெளிச்சம். இரண்டு கையும் கூப்பி, வாய் நிறையச் சிரிப்பு. பின்னால் கண்ணாடியில் என் முதுகும் சேர்ந்து தெரிந்தது. நாதஸ்வரம் மாதிரி ஒரு பாட்டு. என் முகத்துக்குக் கீழே கன்னடத்தில் ஒரு வரி ஓடியது. அடுத்து எலக்ஷனில் நிற்கிறவருடைய படம், அவரும் அதே மாதிரி கும்பிட்டுக்கொண்டு.

"ரொம்ப ஷோக்கா இருக்கிறக்கா" என்றாள். "லிஃப்ட்ல ஏறிட்ட. எங்களைத்தான் கீழயே உட்டுட்ட."

"இல்லம்மா, அது வந்து..."

"இன்னா இல்ல? கீழ இன்னா எழுதியிருக்குது தெரியுமா? எங்க பொண்ணு படிச்சு சொல்லுச்சு. 'நான் மனசார குடுத்தேன்'னு எழுதியிருக்குதாம். குடுத்தியா?"

"சம்பளத்துல புடிச்சாங்க."

"நீ வேணான்னு சொல்ல வேண்டியதுதானே?"

மெயில் இல்லை என்று சொன்னால் அவளுக்குப் புரியுமா? கம்பெனி கட்டாயப்படுத்தியது என்று குழாயடியில் சொன்னால் அது சாயங்காலமே கூட்டத்தில் மைக்கில் வரும். அவள் சொல்லாமல் இருக்க மாட்டாள், சொல்லத்தான் வேண்டும், நியாயம். மைக்கில் வந்தால் மறுநாள் கம்பெனிக்குத் தெரியும். நான் குடத்தைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

"எங்ககூட கூட்டத்துல குந்திக்குனு தலையாட்டுற. அங்க போயி கும்பிட்டு ஓட்டு கேக்குற. எது நெசம்க்கா?"

"கும்பிட்டேன். ஓட்டு கேக்கல" என்றேன். என்னால் வெளியே கொண்டுவர முடிந்தது அதுதான். யாருக்கும் அதில் ஒன்றும் விளங்கியிருக்காது. தண்ணீர் பிடிக்காமலேயே வந்துவிட்டேன்.

அடுத்த டயாலிசிஸ் நாளில் ஆட்டோ வருமா என்று வாசலில் நின்றோம். வந்தது. எதிர்வீட்டுக்காரர் எப்போதும்போல இறங்கி என் வீட்டுக்காரரைக் கைத்தாங்கலாக ஏற்றினார். "அண்ணா, காலைத் தூக்கி வைங்க" என்றார். அப்புறம் முன்னால் உட்கார்ந்து, மீட்டரைப் போட்டார்.

பெங்களூரில் ஆட்டோவில் போகிறவர்களுக்குத் தெரியும், மீட்டர் போடச் சொல்லிச் சண்டை போட்டாலும் யாரும் போட மாட்டார்கள். எங்களுக்கு மட்டும் கேட்காமலே போட்டார். ஆஸ்பத்திரியில் இறங்கியதும் மீட்டரில் இருந்ததை அப்படியே வாங்கிக்கொண்டு, மீதியைச் சில்லறையாக எண்ணிக் கையில் வைத்துவிட்டுப் போனார்.

"பாத்தியா" என்றார் என் வீட்டுக்காரர். "இந்த ஊர்லயே மீட்டர் போட்ட ஒரே ஆட்டோ நம்முளுதுதான். நம்ம அந்தஸ்து ஏறிப்போச்சு." அவர் சிரித்துவிட்டு வேறு பக்கம் திரும்பிக்கொண்டார். இன்றைக்கு வரைக்கும் மீட்டர்தான்.

எலக்ஷனில் முதலாளிக்கு வேண்டியவரே ஜெயித்துவிட்டார். கம்பெனியில் லட்டு கொடுத்தார்கள். நான்தான் தட்டில் வைத்து எல்லாருக்கும் கொண்டுபோய்க் கொடுத்தேன். கொஞ்ச நாள் கழித்து எங்கள் சந்துச் சுவர்களில் சிவப்புப் பெயின்ட்டில் நம்பர் போட்டுவிட்டுப் போனார்கள். என் வீட்டுக்காரர் மெல்ல நடந்து போய் நகத்தால் சுரண்டிப் பார்த்து, "மட்டமான சரக்கு. ரெண்டு மழைக்கு நிக்காது" என்றார். மழை பெய்தது, நம்பர் இன்னும் நிற்கிறது. எப்போது வருவார்கள் என்று யாருக்கும் தெரியாது. எதிர்வீட்டுக்காரி மனு எழுதி எல்லா வீட்டிலும் கையெழுத்து வாங்கினாள். எங்கள் வீட்டுக் கதவு சாத்தியிருந்தது. அவள் தட்டவில்லை. அவள் செருப்புச் சத்தம் எங்கள் வாசலில் கொஞ்சம் நின்று, பிறகு பக்கத்து வீட்டுக்குப் போனதை உள்ளே இருந்து கேட்டேன். திறந்துகொண்டு போயிருக்கலாம். கை தாழ்ப்பாள் வரைக்கும் போனது. அவள் கண்ணுக்கு நேரே நிற்க முடியும் என்று தோன்றவில்லை. கையெழுத்துப் போட்டது கம்பெனிக்குத் தெரிந்தால் என்ன ஆகும் என்றும் தோன்றியது. இரண்டில் எது முதலில் தோன்றியது என்று இப்போது சொல்லத் தெரியவில்லை.

ஒருநாள் மேடம் தனியாக இருந்தபோது தைரியம் செய்து கேட்டேன். "மேடம், அந்த வீடியோல எனக்குக் கீழ இன்னா எழுதியிருந்துது?"

"அதுவா? நம்ம கம்பெனியோட மூத்த தொழிலாளின்னு போட்டிருந்தது அம்மா. அஷ்டே. ஏன்?"

"சும்மா கேட்டேன் மேடம்."

மேடம் பொய் சொல்கிறவர் இல்லை. எதிர்வீட்டுக்காரியின் மகளும் பள்ளிக்கூடத்தில் கன்னடம் நன்றாகப் படிக்கிறவள். காக்ஸ் டவுன் தம்பிக்குக் கன்னடம் பேசத்தான் வரும், அவரும் இப்போது வேறு கம்பெனிக்குப் போய்விட்டார். வேறு யாரிடமாவது கேட்கலாம் என்றால் அந்த வீடியோவை மறுபடி போட்டுக் காட்டச் சொல்ல வேண்டும். அதற்கு எனக்கு முகம் இல்லை.

அதனால் இதைப் படிக்கிறவர்களிடம் கேட்டுக்கொள்கிறேன். லிஃப்டுக்குள் நின்று ஒரு கிழவி கும்பிடுகிற வீடியோ உங்கள் யார் போனிலாவது இன்னும் இருந்தால், கன்னடம் வாசிக்கத் தெரிந்தவர்கள் அந்த ஒரு வரியைச் சரிபார்த்துச் சொல்லுங்கள். மனசாரெ என்று இருக்கிறதா, மூத்த தொழிலாளி என்று மட்டும்தான் இருக்கிறதா. இரண்டாவதாக இருந்தால், எதிர்வீட்டுக் கதவைத் தட்டி அதை மட்டும் சொல்லிவிட்டு வருவேன். முதலாவதாக இருந்தாலும் சொல்லுங்கள். அது நான் சொன்னதில்லை.